பூனைக்கு ஏது புரட்டாசி?

காலாண்டு விடுமுறைக்கு என்று ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள் 84. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் சொல்ல வேண்டும். மகளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். சந்தூர் சித்தப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும், மனுஷன் இந்த வருட மாங்காய் விலையில் மனசு விட்டுப் போயிருக்கிறார். கடைசி வரியில், அடிக்கோடு போட்டு, திருச்செந்தூர். பூனைக்குப் பட்டியலில் இடம் இல்லை.

2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை ராத்திரி. மறுநாள் ஆயுத பூஜை. அம்மா பித்தளைச் சாமானையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் ஐம்பத்து மூன்றாவது தாளில் இருந்தேன். பின்கட்டில் மணலைப் பறிக்கும் சத்தம். எங்கள் பூனை செந்தூராவின் மணல் தொட்டி அங்கேதான் இருக்கிறது, தொட்டி என்றால் ஓட்டை விழுந்த ஒரு துணி ஊறவைக்கும் டப். பறித்தான், உட்கார்ந்தான், எழுந்து திரும்பிப் பார்த்தான், மூடாமலே வெளியே வந்தான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே சத்தம். மூன்றாம் தடவை செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். மூன்று குழி. மூன்றும் காய்ந்து கிடந்தன.

மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டேன். பூனை வளர்ப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள் என்று மறுநாள் தெரிந்தது. விளக்கை அணைத்துப் படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்குக் கத்தினான். பசிக்குக் கத்துவது எனக்குத் தெரியும், சண்டைக்குக் கத்துவது தெருவுக்கே தெரியும். இது இரண்டும் இல்லை. பாத்ரூம் சாக்கடை மூடிமேல் குந்தியபடி, வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் கத்தினான்.

செந்தூரா எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய மாங்காய்ப் பருவத்தில். சித்தப்பா தோப்பிலிருந்து வந்த கிரேட்டில் மேலே செந்தூரா மாம்பழம், நடுவில் பேப்பர், பேப்பருக்கடியில் அதே நிறத்தில் ஒரு குட்டி. எந்த ஊரில் ஏறினான், எந்த லோடு ஆட்டோவில் வந்தான் என்று தெரியவில்லை. பெயரை யோசிக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. செம்பட்டைப் பூனைகளில் ஐந்துக்கு நாலு ஆண்தான் என்பதும், அந்த நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் அதற்குக் காரணம் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அம்மா அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "எலி புடிச்சா இருக்கட்டும், இல்லன்னா சந்தையில வுட்டுடு." மூன்று வருடத்தில் ஒரு எலி பிடித்திருக்கிறான். அதுவும் கொஞ்சம் வயசான எலி.

இப்போது திருச்செந்தூர்.

எங்கள் வீட்டில் பயணத் திட்டம் என்பது பண்டிகை மாதிரி. வரும், தடபுடலாக ஏற்பாடு நடக்கும், போய்விடும். நாங்கள் மட்டும் எங்கும் போயிருக்க மாட்டோம். அம்மாவுக்கு 71 வயது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஒகேனக்கல் வெள்ளத்தையும் பரிசலையும் பார்த்து வளர்ந்தவள். இதுவரை கடல் பார்த்ததில்லை. "ஒகேனக்கல்லுல ஆடி மாசம் வர்ற தண்ணிய விடவா பெருசு?" என்று கேட்பாள், கேட்டுவிட்டு, "கடலு அங்கியேதான் இருக்குதா, பின்னால தள்ளிப் போயிருச்சுன்னு சொன்னாங்களே" என்று கவலையும் படுவாள்.

2018 நவம்பரில் முதல் திட்டம், கன்னியாகுமரி. கஜா புயல் 16ஆம் தேதி விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கன்னியாகுமரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் டிவியில் அந்தக் கடலைப் பார்த்த அம்மா, "கோவமா இருக்குது, இன்னொரு தபா போலாம்" என்று பையைப் பிரித்துவிட்டாள். 2020 மார்ச் கடைசி வாரத்துக்குத் திருச்செந்தூர். ஊரடங்கில் ரயிலே நின்று போனது, ரயில்வே முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. (58 வயது தாண்டிய பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகையையும் அதே மார்ச்சில்தான் எடுத்தார்கள். ரயில்கள் திரும்பி வந்தன, சலுகை வரவில்லை.) 2023இல் அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் போட்டிருந்தோம். அதற்கு ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. திருச்செந்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், எண்ணூறு பேர் வெள்ளத்துக்கு நடுவில் ரயிலுக்குள் கிடந்தார்கள். "நாம போயிருந்தா அதுலதான் உக்காந்துக்கினு இருப்போம்" என்று அம்மா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் டிக்கெட் வேறு ரயிலில், வேறு வாரத்தில் என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

2024இல் டிக்கெட்டே போடவில்லை. அந்த வருடம் புயலே எங்களைத் தேடி வந்தது. ஃபெஞ்சல் கடற்கரையை விட்டுவிட்டு உள்ளே நடந்து வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை என்றால் இன்ன மாதிரி என்று கணக்கு வைத்திருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் அன்றோடு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள்.

இந்த வருடம் ஜூலை 7இல் திருச்செந்தூர் கும்பாபிஷேகத்தை டிவியில் முழுக்கப் பார்த்தாள். முடிந்ததும், "போலாம்டி" என்றாள். சஷ்டிக் கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும், மழைக்கும் முன்னால் போய்விட வேண்டும். காலாண்டு விடுமுறைதான் பொருந்தியது. முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னால் டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு விதத்தில் நல்லதுதான், ரத்து செய்ய யோசிக்கும் காலம் பாதியாகக் குறைகிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் காலை எட்டு மணிக்குக் காத்திருந்து, அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை ராத்திரிக்குப் போட்டேன். மைசூரிலிருந்து தூத்துக்குடி போகும் ரயில். அம்மா, நான், மகள். அம்மாவின் முழங்காலை உத்தேசித்து மூன்றடுக்கு ஏசி.

ஏறுவது தர்மபுரியில். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, மாவட்டத் தலைநகராகி 21 வருடம் ஆன பிறகும். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர என்று 1905இல் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் பாதை போட்டான், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தோடு எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தேர்தலுக்குத் தேர்தல் அளவெடுக்கிறார்கள். ஆகவே நடுராத்திரி ரயிலைப் பிடிக்க ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், தர்மபுரி ஸ்டேஷன் பெஞ்சில் கொசுவோடு உட்கார வேண்டும். அதற்கும் அம்மா தயார். பத்து நாளைக்கு முன்பே பை கட்டியாயிற்று. இரண்டு புடவை, ஒரு பட்டு, விபூதிப் பை, கடல் தண்ணீர் எடுத்துவர ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில். கிளம்பும் நேரத்தில் பூனை குறுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனை ஸ்டோர் ரூமில் போட்டு அடைப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது.

அவன் மூன்று நாள் முன்னதாகவே குறுக்கே போய்விட்டான்.

புதன்கிழமை காலையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். தொட்டால் உறுமினான். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "வலிக்குதுபோல, அரை மாத்திரை பாராசிட்டமால் பாலில் கலந்து குடு" என்றார். அம்மாவின் வைத்தியம் வேறு. பூஜைக்கு வாங்கி வைத்திருந்த வாழைக் கன்றில் ஒன்றை வெட்டி, தண்டை இடித்துச் சாறெடுத்து, இங்க் ஃபில்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். "நீர்க்கடுப்புக்கு இதுதான் மருந்து. உங்க தாத்தாவுக்குக் கல்லே கரைஞ்சுது." பாதிச் சாறு அவள் புடவையில், மீதி சுவரில். நல்லவேளையாக மாத்திரை கொடுக்கவில்லை. மனிதனுக்கு ஜுரம் தணிக்கும் பாராசிட்டமாலைச் செரிக்கும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை போய்விடும். இதை எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, அவர் நான் ஏதோ பள்ளிக்கூடத்துப் பாடம் எடுப்பதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு வந்து மாடுகளுக்கு ஊசி போடும் கால்நடை டாக்டருக்குப் போன் அடித்தேன். லீவு நாள், ஆனாலும் எடுத்தார். பின்னால் மணியோசையும் யாரோ தெலுங்கில் மாட்டை அதட்டும் சத்தமும் கேட்டன.

"சார், நேத்து ராத்திரியிலேர்ந்து மூத்திரம் போகலை."

"எத்தனாவது ஈத்து?"

"பூனை சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஆம்பளையா?" என்றார். ஆமாம் என்றதும் குரல் மாறிவிட்டது. "வயித்த மெதுவா அமுக்கிப் பாருங்க, உருண்டையா கெட்டியா இருக்கா? இருந்தா நேரத்தைக் கடத்தாதீங்க. ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். அப்புறம் கிட்னி போயிரும். ஆட்டுக் கெடாவுக்கும் இது வரும். பக்ரீத்துக்குக் கொழுக்க வெக்கிறேன்னு தவிட்டையும் சோளத்தையும் அள்ளி வெப்பாங்க, மூத்திரக் குழாய்ல கல்லு வந்து அடைச்சுக்கும். எங்கிட்ட பூனைக்குப் போடற சைசுல டியூப் இல்லம்மா. ஓசூர் போங்க."

நம் பக்கம் கால்நடை வைத்தியம் என்றால் மாடு, ஆடு, கொஞ்சம் கோழி. அது குறை இல்லை. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் நின்று பார்த்தால், ஒரு டாக்டருக்கு எத்தனை ஜீவன் கணக்கு என்பது புரியும். அந்தக் கணக்குக்கு நடுவில் ஒரு செம்பட்டைப் பூனைக்காக இரண்டு நிமிடம் போனில் நின்று சரியாகச் சொன்னாரே, அதற்குத்தான் இந்த முழுப் பத்தியும்.

ஓசூர் போகச் சரி, எதில் போவது? ஆயுத பூஜை நாளில் காரும் ஆட்டோவும் சாமியாகிவிடுகின்றன. பக்கத்துத் தெருத் தம்பி தன் டாக்சிக்குச் சந்தனம் பூசி, முன்னால் இரண்டு வாழைக் கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான். "அக்கா, பூஜை போட்ட வண்டி. முதல் சவாரி கோயிலுக்குத்தான் போகணும்." அம்மா சட்டென்று, "போற வழியில காட்டு வீர ஆஞ்சநேயர் இருக்காரில்ல? அங்க நிறுத்து, அதுதான் சவாரி. மிச்சம் சும்மா கூட வர்றது" என்றாள். தம்பிக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது.

பூனையைக் கொண்டுபோகக் கூடை இல்லை. சித்தப்பா தோப்புக் கிரேட் இரண்டு வீட்டில் கிடந்தன. இந்த வருடம் பெங்களூரா மாங்காய் கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்குப் போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பாதி மரத்தைத் தொடாமலே விட்டார் சித்தப்பா, கிரேட்டுகள் வேலையில்லாமல் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றில் பழைய நைட்டியை விரித்து அவனை வைத்து, இன்னொன்றை மேலே கவிழ்த்து, கொடிக்கயிற்றால் கட்டினோம். வந்த மாதிரியே திரும்பவும் கிரேட்டில். அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ எதுக்கும்மா?" என்றேன். "ஓசூர்ல பூ சல்லிசா கிடைக்கும்." ஆயுத பூஜை அன்றைக்கு எந்த ஊரில் பூ சல்லிசாகக் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஆஞ்சநேயர் கோயில் எதிரில் ஒரு நிமிடம். தம்பி இறங்காமலே கும்பிட்டான். அம்மா கிரேட்டின் ஓட்டை வழியாக உள்ளே விரலை விட்டபடி, மட்டைத் தேங்காய் கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். குருபரப்பள்ளி, சூளகிரி என்று வழியெல்லாம் லாரிகள் வாழைக் கன்று கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன. ரோட்டில் குங்குமத்தோடு உடைத்த பூசணிக்காய். அதில் சக்கரம் வழுக்காமல் தம்பி வளைத்து வளைத்து ஓட்டினான். சூளகிரி தாண்டியதும் செந்தூரா கத்துவதை நிறுத்திவிட்டான். கத்தும்போது இருந்ததைவிட அப்போதுதான் எனக்குப் பயம் அதிகமானது.

கிளினிக்கில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. வயிற்றைத் தொட்ட உடனே, "மூத்திரப் பை சாத்துக்குடி அளவுக்கு இருக்கு" என்றார். மயக்க ஊசி, நூல் மாதிரி ஒரு டியூப், அதன் வழியாக உப்புத் தண்ணீரை விட்டுவிட்டு மெல்ல அடைப்பைத் தள்ளினார். கடைசியில் வந்தது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நான் டீச்சர் என்று தெரிந்ததால் என்னையும் பார்க்கச் சொன்னார். கோலப்பொடி சிதறின மாதிரி, ஆனால் ஒவ்வொரு துகளுக்கும் ஒழுங்கான முனைகள், சரிந்த விளிம்புகள். "மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்" என்றார்.

எனக்கு அதைத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு உப்பு ஆய்வில் மெக்னீசியத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் வருவது அதுதான். சோதனைக் குழாயில் பாஸ்பேட் கரைசலை ஊற்றினால் சிலசமயம் ஒன்றும் நடக்காது. கண்ணாடிக் குச்சியால் குழாயின் உள்சுவரைச் சுரண்டு என்று சொல்வேன். சுரண்டிய இடத்தில் வெள்ளையாக வீழ்படிவு இறங்கும், பிள்ளைகள் கத்துவார்கள். பதினெட்டு வருடமாக நான் சந்தோஷப்பட்டு டிக் போட்ட அதே வெள்ளைப் பொடி இவன் மூத்திரக் குழாயில்.

"என்ன சாப்பிடறான்?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "புரட்டாசிங்க."

"அவனுக்குமா?"

எங்கள் பக்கத்தில் புரட்டாசி கறாரானது. கறிக்கடைகளில் ஈ ஓட்டுவார்கள், பிராய்லர் விலை இறங்கும். எங்கள் வீட்டில் முட்டைகூட வராது, மீன் சட்டி பரணில் ஏறிவிடும். மற்ற மாதங்களில் அவனுக்கு மீன் தலை, கோழிக் குடல் வேகவைத்த தண்ணீர் என்று ஏதாவது கிடைக்கும். புரட்டாசி பிறந்ததிலிருந்து பாக்கெட் தீனி மட்டும். தயிர்சாதம் வைத்துப் பார்த்தோம், முகர்ந்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவதுபோலத் தரையைச் சுரண்டினான். டாக்டரம்மா விளக்கினார். பூனை பாலைவனத்திலிருந்து வந்த ஜாதி, தாகம் குறைவு. தனக்கு வேண்டிய தண்ணீரைத் தின்கிற எலியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், எலியின் உடம்பில் முக்கால்வாசி தண்ணீர்தானே. பாக்கெட் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ. மூத்திரம் கெட்டியாகும், உப்பு படியும், ஆண் பூனைக்குக் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். தீனி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மிரட்சியாலும் வரும், உடல்வாகாலும் வரும். "ஆனா இந்த ரெண்டு வாரம் நல்லது பண்ணலை" என்றார்.

அம்மா உடனே போர்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊரு தண்ணியே அப்படிங்க." அவளுக்கு எல்லாக் குற்றத்துக்கும் தண்ணீர்தான் குற்றவாளி. பென்னாகரம் பக்கம் அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினாலே பல்லைக் கெடுக்கும். அம்மாவின் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடுவாள், கல்யாண போட்டோவிலேயே அப்படித்தான் இருக்கிறாள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது, "எனக்கு அறுபது வருஷம் லேட்டா வருது" என்றாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணியில குறை இல்லம்மா, குடிக்காததுதான் குறை" என்றார். அதற்குப் பிறகு திரும்பி வரும் வழியில் அம்மா பேசவில்லை. அவனை அங்கேயே இரண்டு நாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், காலிக் கிரேட் மட்டும் மடியில் இருந்தது. சூளகிரி வந்ததும், "ஆறாயிரத்தி சொச்சம். குந்தாரப்பள்ளியில ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிடலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில் விவகாரம். அப்போதைய விதிப்படி, 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் தலைக்கு 180 ரூபாயும் வரியும் பிடிப்பார்கள். தாண்டினால் கால்வாசிப் பணம் போய்விடும். கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் வரவில்லை, ஆனால் கெடு என்று ஒன்று இருந்தால்தான் எங்கள் வீட்டில் முடிவு பிறக்கும். என் வீட்டுக்காரர், "நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க, பூனையை நான் பாத்துக்கறேன்" என்றார். மகள் மாட்டேன் என்றாள். அம்மா ஹாலில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயில்லா ஜீவனைக் கிளினிக்ல போட்டுட்டு சாமி முன்னால போய் நின்னா, அவரு என்ன கேப்பாரு?" அவள் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கடியில் வேறு ஒன்றும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. கஜா சமயத்திலும் இதே குரல்தான். அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசை, கடல் பார்க்கக் கிளம்புவதில் இன்னும் அதிக ஆசை, போய் நின்று பார்ப்பதில் மட்டும் ஏதோ கூச்சம். இதை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. சொல்லப்போனால் ரத்து என்ற பொத்தானை அழுத்தியபோது என் தோளும் கொஞ்சம் இறங்கியது. இன்னும் 31 விடைத்தாள் இருந்தது.

விஜயதசமி அன்று எழுத ஒன்றும் இல்லை. தாள் திருத்தினேன். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டியூபை எடுத்து அனுப்பினார்கள். "ராத்திரிக்குள்ள தானா ஒரு தடவை நல்லாப் போகணும். போகலைன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, போன் பண்ணுங்க. ஈரமான சாப்பாடாக் குடுங்க. மீன், கோழி, எதுவா இருந்தாலும் தண்ணியோட" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து கிரேட்டை இறக்கியபோது பின்கட்டிலிருந்து புகை. தோட்டத்து மூலையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, கைப்பிடி உடைந்த அலுமினியக் குண்டானில் அம்மா மீன் வேகவைத்துக்கொண்டிருந்தாள். இவரைக் கேஆர்பி அணைக்கு அனுப்பி ஜிலேபி மீன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். விடிந்தால் மூன்றாம் சனி.

"பெருமாளு உள்ள இருக்காரு, மீனு வெளிய இருக்குது. ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. உப்பு போடவில்லை. ஆறவைத்து, முள்ளை எடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, மயிர் போன்ற முள்ளையும் விடாமல் இழுத்து இலையில் வைத்தாள். எனக்குச் சின்ன வயதில் அப்படி எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. ஒரு கரண்டி மீனுக்கு மூன்று கரண்டி தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றினாள். அவன் முதலில் முகர்ந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நக்க ஆரம்பித்தான், தட்டு தரையில் நகர்ந்து சுவரில் போய் இடிக்கும்வரை நக்கினான். அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு காவல். எட்டு மணிக்குத் தொட்டிக்குப் போனான், முகர்ந்துவிட்டுத் திரும்பினான். ஒன்பதரைக்குப் பறித்தான், உட்காரவில்லை. மகள் ஒரு பேப்பரில் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு நான் டாக்டரம்மாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் அசந்துவிட்டோம் போலிருக்கிறது. அம்மா கத்திய சத்தத்தில்தான் எழுந்தேன்.

ஹால் விளக்கு எரிந்தது. செந்தூரா அம்மாவின் பயணப் பைமேல் நின்றான், வாலை நேராகத் தூக்கி, பின்னங்கால் லேசாக மடங்கி, எங்கேயோ தூரத்தைப் பார்க்கும் அந்தப் பார்வையோடு. ஜிப் மூடாத வாய் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரும் அவனை விரட்டவில்லை. நாலு பேரும் நின்று, நிற்கும்வரை பார்த்தோம். ரொம்ப நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, இறங்கி, பையின் ஓரத்தை இரண்டு தடவை சுரண்டி மூடப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் போனான்.

அம்மா பைக்குள் கையை விட்டுப் பட்டுப் புடவையை வெளியே இழுத்தாள். முனையை மூக்கருகில் கொண்டுபோனாள். "ரத்தம் இல்லடி. வெறும் மூத்திரம்தான், நல்லா வந்திருக்குது" என்றாள். மணி பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரியான நேரத்துக்கு வந்திருந்தால் எங்கள் ரயில் அப்போது தர்மபுரி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருக்கும்.

மறுநாள் மூன்றாம் சனி பூஜை முடிந்த கையோடு பட்டுப் புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டாள். நாமம் போட்ட நெற்றியோடு பின்கட்டில் போய் மீண்டும் அடுப்பு மூட்டினாள். புரட்டாசி முடியும்வரை தினமும் அது நடந்தது. எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருநாள் கேட்டதற்கு, "டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள். விடைத்தாள் திருத்தி முடித்தாயிற்று. மகளுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. சித்தப்பாவைத்தான் இன்னும் பார்க்கவில்லை, ஆஞ்சநேயருக்குத் தேங்காயும் பாக்கி.

பொங்கல் விடுமுறைக்குப் போகலாம் என்று பேச்சு. முன்பதிவு நவம்பர் நடுவில்தான் திறக்கும். அம்மா இந்தத் தடவை பையைப் பிரிக்கவில்லை. துவைத்து மடித்த புடவையையும் காலி பாட்டிலையும் அதே இடத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பீரோ மேல் ஏற்றிவைத்திருக்கிறாள், அவன் ஏற முடியாத உயரமாம். நேற்று மத்தியானம் பீரோ மேலிருந்து ஒரு செம்பட்டை வால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் சொல்லவில்லை.